ஊருக்கே வைத்தியம் பார்க்கும் படிப்பு: மதுரை மாவட்ட மேல்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும், உயர்கல்விக்கு வழிகாட்டும் பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் செல்லம்பட்டி ஒன்றியத்துப் பெண். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தேன். மதுரையில் பி.எஸ்ஸி. விலங்கியல், அப்புறம் வெளிமாநிலத்தில் இரண்டு வருடம் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. படித்து முடித்து ஒன்பது வருடமாகிறது. இப்போது ஒரு நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். "என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டு, பதில் சொன்னதும் புரிந்துகொண்டவர்களை இத்தனை வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போன வருடம் நடந்த ஒரு விஷயம்தான் உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது.

ஆடி மாதம். மேலூரைத் தாண்டி ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிடா வெட்டி ஊருக்கே விருந்து போட்டிருக்கிறார்கள். புதன்கிழமைக்குள் 31 பேருக்கு வயிற்றுப்போக்கு. கறிச்சோறுதான் காரணம் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. சமையல் செய்தவர் பக்கத்து ஊர்க்காரர். நாலு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நின்று கண்டபடி பேசிவிட்டு வந்திருந்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் செவிலியரும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் முகாம் போட்டிருந்தார்கள். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துக்கொண்டும், துவண்டுபோனவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டும் இருந்தார்கள். அது அவர்கள் வேலை. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். யாருக்கு, என்ன வயது, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, விருந்தில் சாப்பிட்டாரா, குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள். நோய் வந்த வீட்டில் கேட்ட இதே கேள்விகளை நோய் வராத வீட்டிலும் கேட்டேன். அதுதான் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடவில்லை. "சீக்காளிய விட்டுட்டு நல்லாருக்கவகிட்ட என்னத்தா கேட்டுக்கிட்டுத் திரியிற?" என்று ஓர் அப்பத்தா சத்தமே போட்டார்.

அந்தத் தெருவில்தான் ஒரு பெண் தானாக வந்து ஒட்டிக்கொண்டாள். பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூரிலிருந்து வந்தார்கள், யார் புரட்டாசி இல்லாமலே கறி சாப்பிடாதவர், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கொஞ்ச நேரத்தில் நோட்டும் அவள் கைக்குப் போய்விட்டது. மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். நோய் வந்த 31 பேரில் கறிச்சோறு சாப்பிட்டவர்கள் 17. நோய் வராதவர்களில் 62 பேரிடம் கேட்டிருந்தோம், அவர்களில் சாப்பிட்டவர்கள் 34. நான் போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அக்கா, இது அதோட அப்படியே டபுள். ரெண்டு பக்கமும் சாப்பிட்டவங்க பங்கு ஒண்ணாத்தான் வருது. அப்ப கறிச்சோறு இல்லக்கா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நோய் வந்தவரையும் வராதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்பதைத்தான் எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மரத்தடியில், பத்து நொடியில், அவள் தானாகப் பிடித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு தாளின் பின்பக்கத்தில் ஊரைப் படமாகப் போட்டோம். கோயில், ஊருணி, மேல்நிலைத் தொட்டி, தெருக்கள். ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் ஒரு புள்ளி. 31 புள்ளியில் 27 கடைசி இரண்டு தெருவில் வந்து விழுந்தது. நோய் வராத 62 பேரில் அந்தத் தெருக்காரர்கள் 14 பேர்தான். நேரே அங்கே நடந்தோம். தொட்டியிலிருந்து தூரம் என்பதால் குழாயில் வேகம் வராது. அதனால் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாய் வாயைக் கீழே இறக்கி, அதில் டியூப் மாட்டிக் குடத்தில் பிடிக்கிறார்கள். பக்கத்திலேயே சாக்கடை. ஆடி மழையில் குழி முழுக்கக் கலங்கல். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தியதும் குழாய்க்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகி, குழியில் நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்.

குளோரின் பார்க்கும் பெட்டி கையில் இருந்தது. கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாக மாறும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் லேசான மஞ்சள். கடைசித் தெருவில் நிறமே மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் காட்டச் சொன்னோம். வாய் கட்டாமல் கிடந்ததால் வீரியம் போயிருந்தது. 1000 லிட்டருக்கு 4 கிராம், அப்படியானால் 30,000 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "120 கிராம்" என்று சொல்லிவிட்டு, "இவ்வளவுதானாக்கா?" என்றாள். ஆமாம், ஒரு டம்ளர் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

குழிகளை மூடி, உடைப்பை அடைத்து, லாரித் தண்ணீர் விட்டார்கள். சனிக்கிழமைக்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சமையல்காரர் வீட்டுக்குப் போய், தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தார்களாம்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டாள்: "இந்த வேலைக்கு என்னக்கா படிக்கணும்?" சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நான் காமர்ஸ்க்கா. மெடிக்கல் லைனெல்லாம் உங்களுக்கு இல்லைன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

இதற்காகத்தான் இந்த மடல்.

யாரையும் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்குப் பாடம் எடுத்தவர்கள் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இங்கே இல்லை. ஆனால் நான் பிளஸ் டூ படித்தபோது என் மீது நிறைய அக்கறை வைத்திருந்த ஓர் ஆசிரியை, பொதுச் சுகாதாரம் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னதும், "அதெல்லாம் கட்-ஆஃப் வராதவங்க போற இடம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த வார்த்தை மூன்று வருடம் என்னைத் தடுத்து வைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வழிகாட்டி நிகழ்ச்சியில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். நீட், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பொறியியல், சி.ஏ. என்று நாள் முழுக்கப் பேசினார்கள். நல்ல பேச்சுதான். சுகாதாரம் என்றாலே ஆஸ்பத்திரிக்குள் நடப்பது என்கிற எண்ணம் மட்டும் மேடையிலும் மாறவில்லை, கீழேயும் மாறவில்லை.

டாக்டர் தன் முன்னால் வந்து உட்கார்ந்தவரைப் பார்க்கிறார். எங்களுக்கு ஒரு தெரு, ஓர் ஊர், ஒரு மாவட்டம்தான் நோயாளி. அதற்கான படிப்பில் எபிடெமியாலஜி என்று ஒன்று உண்டு. நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது, ஏன் இவர்களுக்கு மட்டும் வருகிறது என்று தேடுகிற கலை. அடுத்தது புள்ளியியல். இதைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளும் உண்டு, இதற்காகவே இந்தப் படிப்பை நேசிக்கிற பிள்ளைகளும் உண்டு. அப்புறம் சுகாதாரப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், சட்டமும் கொள்கையும், மக்கள் ஏன் ஒன்றைச் செய்கிறார்கள், ஏன் செய்ய மறுக்கிறார்கள் என்பதைப் படிக்கும் சமூகவியல். கடைசிப் பருவத்தில் களத்துக்குப் போய் ஓர் ஆய்வைத் தானே செய்து எழுத வேண்டும். கணக்கும் மனிதர்களும் இரண்டும் பிடித்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இது எங்கிருந்தோ இறக்குமதியான படிப்பு என்று தோன்றலாம். நம் மண்ணில் இதற்கு வேர் ஆழம். பொதுச் சுகாதாரத்துக்கென்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1939-ல். கொசு ஒழிப்புக்கு அதில் தனி அத்தியாயம் இருக்கிறது, திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறபோது லட்சக்கணக்கானவர்கள் வைகையில் கூடுகிறார்களே, அன்றைக்கு நீர்மோர்ப் பந்தலில் வாங்கிக் குடிக்கிற நமக்கு அந்தத் தண்ணீரைச் சோதிக்க ஆள் உண்டு என்பது தெரியாது. காலரா திருவிழாக்களைத் துரத்திக்கொண்டு வந்த காலத்தில் எழுதிய சட்டம் அது. இன்றைக்கு எதிர்சேவை பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு துறையே ராத்திரி முழுக்க நிற்கிறது.

காந்திகிராமத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை டி.வி.எஸ். குடும்பத்துப் பெண் சௌந்தரம் அம்மா இளம் வயதிலேயே கணவரை இழந்து, டெல்லி போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர். பட்டணத்தில் கிளினிக் வைத்து உட்கார்ந்திருக்கலாம். சின்னாளபட்டிப் பக்கம் வந்து 1947-ல் காந்திகிராமத்தை ஆரம்பித்தார். 1964-ல் அங்கே உருவான கிராமிய சுகாதார நிறுவனம் அன்றிலிருந்து களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. நம் ஊர்களுக்கு வருகிற சுகாதார ஆய்வாளரை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், காந்திகிராமத்தில் படித்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். காசநோய் என்றால் நம் பக்கத்தில் ஆஸ்டின்பட்டி. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். என் தாத்தாவின் அண்ணனை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காசம் வந்தவரை ஊரிலிருந்து பிரித்து, படுக்கையில் மாதக்கணக்காக வைத்துத்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று உலகமே நம்பிய காலம் அது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தபோது முதலில் எடுத்த கேள்வியே இதுதான்: படுக்கையும் நல்ல சாப்பாடும் கொடுத்து சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுப்பதற்கும், குடிசை வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுப்பதற்கும் குணமாவதில் வித்தியாசம் உண்டா? 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுவது என்கிற முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஏழைகள் வேலையை விடாமல், பிள்ளைகளைப் பிரியாமல் குணமானார்கள். மேலூர்ப் பக்கத்து வேப்பமரத்தடியில் அந்தப் பெண் செய்த காரியமும் இதே வகைதான், இரண்டு பக்கத்தையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் கிளை நம் மதுரையிலேயே இருக்கிறது.

மதுரைக்குள் இன்னும் இருக்கிறது. சின்ன சொக்கிகுளத்தில் ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசு ஆராய்ச்சி நிலையம் இருப்பது பக்கத்துத் தெருக்காரர்களுக்கே தெரியாது. நெல்வயல் தண்ணீரில் பிறக்கும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரையிடமிருந்தும் மூளைக்காய்ச்சல் கிருமியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவதை ஆராய்ந்த இடம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது எல்லோருக்கும் தெரியும். கண் தெரியாதவர் ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று உட்காராமல், எந்த ஊரில் எத்தனை பேருக்குப் புரை இருக்கும் என்று கணக்குப் போட்டு முகாமை அங்கே கொண்டுபோனதுதான் அதன் பெரிய வெற்றி. அந்தக் கணக்கும் பொதுச் சுகாதாரம்தான். 2020 மார்ச் 25-ல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் பெரியாஸ்பத்திரியில் நடந்தது. அந்த நாளுக்குப் பிறகு யார் யாரைச் சந்தித்தார்கள் என்று வீடு வீடாகத் தேடிப் போனவர்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். அதைக் கேட்காமல் எந்த அப்பாவும் பிள்ளையை அனுப்பமாட்டார், அனுப்பவும் கூடாது.

பிளஸ் டூவில் உயிரியல் படித்த பையன்களுக்கு இரண்டு வருட சுகாதார ஆய்வாளர் பயிற்சி உண்டு. அரசாங்கம் ஆள் எடுக்கும்போது அது நிரந்தர வேலை. பெண் பிள்ளைகளுக்கு அதே மாதிரி இரண்டு வருட துணைச் செவிலியர் பயிற்சி முடித்து, கிராம சுகாதார செவிலியராகும் வழி. கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கித் தருகிற அக்கா என்றால் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒரு கர்ப்பிணியைக்கூட விடாமல் பதிந்து பின்தொடர்கிற அவர்களால்தான், பிரசவத்தில் தாய் இறப்பது குறைவாக இருக்கும் மாநிலங்களில் நாம் ஒன்றாக இருக்கிறோம். 2018-20 கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய் மரணம்.

விலங்கியல் படித்தவர்களுக்கு, பூச்சி பிடிக்கும் என்றால், புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆர்.-இன் கொசு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. நான் பட்டம் முடித்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன். டெங்கு வந்தால் எல்லோரும் புகை அடிக்கச் சொல்வார்கள். ஆட்டுக்கல் குழியிலும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டிலும் நெளிகிற புழுவைப் பார்த்து, நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் ஜனங்கள் டிரம்மில் பிடித்துத்தான் வைப்பார்கள், டிரம்முக்கு மூடி கொடு, தண்ணீரை ஒழுங்காக விடு என்று சொல்ல ஒரு பூச்சியியல் ஆள் வேண்டும்.

எம்.பி.எச். படிப்பைப் பொறுத்தவரை, டாக்டர் அல்லாதவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் 1997-லேயே ஆரம்பித்துவிட்டது. ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., மும்பையில் டிஸ் என்கிற டாடா சமூக அறிவியல் நிறுவனம், காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம் என்று இன்றைக்கு நிறைய இடங்கள். யாரைச் சேர்ப்பது என்பதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி. சில இடங்களில் மருத்துவமோ பல் மருத்துவமோ நர்சிங்கோ சித்தாவோ கேட்பார்கள், சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும். பி.காம். முடித்த பெண்ணும் புள்ளியியல் முடித்த பையனும் உள்ளே போகலாம். படித்தவர்கள் நோய்க் கண்காணிப்பில், ஆராய்ச்சி நிறுவனங்களில், காப்பீட்டுத் திட்டங்களில், தொண்டு நிறுவனங்களில், தரவு ஆய்வில் வேலை பார்க்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி ஆப்பிரிக்காவில் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறாள், இன்னொருவர் ஒடிசாவில் மலைக்கிராமங்களில் மலேரியா பார்க்கிறார்.

இப்போது கசப்பையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பிள்ளைகளை இழுக்க எனக்கு மனது வராது. மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர் நல அலுவலர் போன்ற பதவிகள் மருத்துவப் பட்டத்தோடு பொதுச் சுகாதாரமும் படித்தவர்களுக்கு. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்றே நூறு வருடமாகத் தனித் துறை இருப்பது நம் பெருமை. அந்தத் துறையில் எங்களைப் போன்றவர்களுக்கு நிரந்தரமாக உட்கார நாற்காலி மிகக் குறைவு. பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம், வருடா வருடம் புதுப்பிக்கும் கடிதத்துக்காகக் காத்திருப்பு. ஒரு தடவை அந்தக் கடிதம் மூன்று மாதம் தாமதமாகி, சம்பளம் இல்லாமல் வேலை பார்த்திருக்கிறேன். என் கல்யாணப் பேச்சில் "பர்மனென்ட் இல்லையா?" என்ற கேள்வி இரண்டு இடத்தில் பேச்சை நிறுத்தியது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலத்திலும் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணியணி வேண்டும், அதில் சமூகவியல், பொருளாதாரம், செவிலியம் படித்தவர்களும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அது முழுதாக நடக்க நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். படித்தவர்கள் கூடினால்தான் கேட்கிற குரலும் பெரிதாகும்.

இன்னோர் எச்சரிக்கை. எம்.பி.எச். என்று பெயர்ப்பலகை மாட்டி லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களும் வந்துவிட்டன. பிள்ளை சேருவதற்கு முன் பெற்றோரைக் கேட்கச் சொல்லுங்கள்: களத்தில் எத்தனை வாரம்? புள்ளியியல் யார் நடத்துகிறார்கள்? ஆய்வேடு உண்டா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரோடு பேசலாமா? வாரக்கணக்கில் ஊருக்குள் நடக்காமல் இந்தப் பட்டத்தை வாங்கினால் அது வெறும் காகிதம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வழிகாட்டி மேடையில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உயிரியல் வகுப்புக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், காமர்ஸ் வகுப்பிலும் கணக்குப் பிள்ளைகளிடமும் வரலாறு படிக்கிற பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். உங்கள் ஊர் சுகாதார ஆய்வாளரையும் கிராம சுகாதார செவிலியரையும் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, அவர்கள் பதிவேட்டைப் பிள்ளைகள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று அழுகிற பிள்ளையிடம் ஆறுதலுக்காக இந்தப் படிப்பைச் சொல்ல வேண்டாம். நிறைய மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோப்பூரில் எழும்புகிற எய்ம்ஸுக்கும் நீங்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டும். ஜோத்பூர், ரிஷிகேஷ் எய்ம்ஸ்களில் எம்.பி.எச். இருக்கிறது. மதுரையிலும் அது வந்து, டாக்டர் அல்லாத நம் பிள்ளைகளுக்கும் இடம் தந்தால், செல்லம்பட்டியிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் போகிற பெண் விடுதிச் செலவுக்கு நகையை அடகு வைக்காமல் படிக்கலாம். என் அம்மாவின் இரண்டு வளையல் அப்படித்தான் போனது. கேட்கிற கடிதத்தில் ஆசிரியர்கள் கையெழுத்து இருந்தால் அதற்கு ஒரு கனம் உண்டு.

அந்த மேலூர்ப் பக்கத்துப் பெண் இப்போது பிளஸ் டூ. உங்களில் யாரோ ஒருவருடைய வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் வாங்குவாள், கேள்வி நிறையக் கேட்பாள், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அவளிடம் நான் சொன்னதை நம்பலாம் என்று நீங்களும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். என் வார்த்தையைவிட உங்கள் வார்த்தைக்கு அவள் வீட்டில் மதிப்பு அதிகம்.

சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் உண்டு. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் என் செலவில் பஸ் ஏறி வருகிறேன். நோட்டும், குளோரின் பார்க்கும் பெட்டியும் கையோடு கொண்டுவருவேன். உங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீரிலேயே பிள்ளைகள் சோதித்துப் பார்க்கட்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
செல்லம்பட்டி ஒன்றியத்திலிருந்து உங்கள் பழைய மாணவி ஒருத்தி